உயிர் பிழைத்து வீடு திரும்பியவரிடம் செய்யக்கூடாத தவறுகள்

தற்கொலைக்கு முயன்ற ஒருவரை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றி, அப்புறம் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியதும் குடும்பம் பெருமூச்சு விடுகிறது. கண்டம் தப்பியது என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிறார்கள். ஆனால் மனநல மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இனிமேல் வரும் நாட்களைப் பற்றித்தான். ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதிலும் வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. நம் வீடுகளில் பல தவறுகள் பாசத்தின் பேரிலேயே நடப்பதும் அந்த நாட்களில்தான்.

முதல் தவறு ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. "வயிற்று வலி தாங்காமல் செய்துவிட்டான்", "தெரியாமல் நடந்துவிட்டது" என்று டாக்டரிடம் சொல்வது. போலீஸ் கேஸ் ஆகிவிடும், நாளைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் புரியாததல்ல. மருத்துவமனை இதை மெடிக்கோ லீகல் கேஸாகப் பதிவு செய்யும், போலீஸ் வந்து விசாரிக்கும், அது உண்மை. ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், அவர் மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. அரசு ஊழியரின் பணியைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. வீட்டுக்குள் மனம் ஒடிந்துபோனவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் உண்மையை மறைத்தால் டாக்டர் உடம்பை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும் என்று அவருக்குத் தோன்றக்கூட வாய்ப்பில்லை.

அடுத்தது விசாரணை. வீட்டுக்கு வந்த அன்றே சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாக வந்து உட்கார்ந்து, "ஏன்டா இப்படிப் பண்ணே? அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே தான் எல்லோருக்கும் பாரம் என்று நினைத்துத்தான் பலர் அந்த முடிவுக்குப் போகிறார்கள். இந்தக் கேள்வி அதையே உறுதிப்படுத்துகிறது. தயவுசெய்து வாசலிலேயே ஒருவர் நின்று, "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒற்றைக் காரணத்தைத் தேடுவதும் இதோடு சேர்ந்ததுதான். காதல் தோல்வி, மார்க், கடன் என்று ஒன்றைக் கண்டுபிடித்து அதைத் தீர்த்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள், தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 31.7 சதவீதம் குடும்பப் பிரச்சினை, 18.4 சதவீதம் நோய் என்று அதன் அட்டவணையும் ஆளுக்கு ஒரு காரணமாகப் பிரிக்கிறது. உண்மையில் கடனும் குடியும் தூக்கமின்மையும் கவனிக்கப்படாத மனச்சோர்வும் பின்னிக்கிடக்கும். கடனை அடைத்தாலும் மனச்சோர்வு அங்கேயே இருக்கும். "ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற தீர்வு இன்னும் மோசம். இன்னொரு உயிரையும் அதற்குள் இழுத்துவிடுகிறது.

நான் மிகவும் வருந்துவது சத்தியம் வாங்கும் பழக்கத்தைப் பார்த்துத்தான். "இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்று அம்மா அழுவார். அவரும் செய்து கொடுப்பார். அதன் பிறகு அந்த எண்ணம் மறுபடி வந்தால் யாரிடம் சொல்வார்? சத்தியத்தை மீறியவர் ஆகிவிடுவாரே! சொல்லாமல் மறைப்பார். அதற்குப் பதிலாக, "அந்த நினைப்பு திரும்ப வந்தா ராத்திரி எத்தனை மணி ஆனாலும் என்னை எழுப்பு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை காத்திராமல், "சாகணும்னு இப்பவும் தோணுதா?" என்று நீங்களே நேராகக் கேட்கலாம். கேட்டால் எண்ணத்தைக் கிளறிவிடுவோமோ என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கேட்டதும் பலர் அழுதுவிடுகிறார்கள், பிறகு பேசுகிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள். மனச்சோர்வுக்கான மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் மாற்றம் இல்லை என்றோ, "பழகிடும்" என்று யாரோ சொன்னதாலோ பாதியில் நிறுத்துகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இன்னொன்று, ஒரு மாத மாத்திரையை அப்படியே அவர் கையில் கொடுப்பது. வீட்டில் ஒருவர் வைத்திருந்து வேளைக்கு எடுத்துத் தரட்டும். வயலுக்கான மருந்து போன்ற ஆபத்தான எதுவும் வீட்டில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அதைத் தாண்டவைப்பதுதான் முக்கியம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துப்போவதில் தவறில்லை. சிகிச்சையை விட்டுவிட்டு அழைத்துப்போவதுதான் தவறு. கட்டிப்போடுவது, பூட்டிவைப்பது கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீ விபத்தில் தப்ப முடியாமல் இறந்தது நம் மாநிலத்தில் நடந்ததுதான். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017 சட்டம் தடை செய்கிறது.

கடைசியாக, இரண்டு வாரம் தாங்கு தாங்கென்று தாங்கிவிட்டு, அவர் சிரித்துப் பேச ஆரம்பித்ததும் மறந்துவிடுவது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2008-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பும். முதல் குழுவில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், இரண்டாவதில் 0.2 சதவீதம். முதல் மூன்று மாதத்தில் அடிக்கடியும், அப்புறம் இடைவெளி விட்டும் அழைத்தார்கள். இதை ஒரு அண்ணனோ தோழியோ செய்ய முடியும். காலண்டரில் தேதியைக் குறித்துவைத்து, "மாத்திரை சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல், "தூக்கம் எப்படி வருது, சாப்பாடு இறங்குதா" என்று கேளுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தவிப்பவர் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருப்பவரும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவரைத் தனியே விடாமல் 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முதல்முறை போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப்போங்கள்.