கூடங்குளம் பக்கத்துல வீடு இருக்கவங்க ரேடியேஷன் அளவை எப்படி பாத்து எழுதி வைக்கிறது

போன ஐப்பசியில ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும், கூட்டப்புளியில இருந்து சித்தி போன் பண்ணுனாவ. "ஏய்யா, நீ வாங்கிக் குடுத்த மீட்டர்ல நம்பர் ஏறிக்கிட்டே போவுது, பிள்ளையள கூட்டிக்கிட்டு வள்ளியூருக்கு வந்துரட்டுமா"ன்னு குரலே நடுங்குது. நான் முதல்ல கேட்டது "சித்தி, அங்க மழை பெய்யுதா?" "ஆமாய்யா, ரெண்டு வாரம் கழிச்சு இப்பதான் சோன்னு ஊத்துது." அப்படின்னா கால் மணிக்கு ஒருக்க நோட்டுல எழுதிக்கிட்டே இருங்க, மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு என்ன காட்டுதுன்னு சொல்லுங்கன்னேன். விடியக்காலம் ரெண்டு மணிக்கெல்லாம் பழைய நம்பருக்கே வந்துட்டு.

மண்ணுல இயற்கையாவே இருக்க யுரேனியத்துல இருந்து ரேடான்னு ஒரு வாயு காத்துல கலந்துக்கிட்டே இருக்கும், அது சிதைஞ்சு வர்ற ஈயம் 214, பிஸ்மத் 214 ரெண்டும் தூசியில ஒட்டி மேல மிதக்கும், மழை அதை மொத்தமா கழுவி தரையில எறக்கிரும், அதான் நம்பர் ஏறுது. அதுகளோட அரை ஆயுள், அதாவது பாதியா கொறையுற நேரம், 27 நிமிஷமும் 20 நிமிஷமும்தான், மழை விட்டா கொஞ்ச நேரத்துல தானா எறங்கிரும். இது அணு உலை இல்லாத ஊர்லயும் நடக்கும். சித்தி அன்னைக்கு ராத்திரி வீட்டுலயே இருந்ததுக்கு காரணம் என் பேச்சு இல்ல, ஆறு மாசமா அவிய எழுதி வச்ச நோட்டு. அந்த நோட்டை எப்படி போடுறதுன்னு இடிந்தகரை, பெருமணல், கூத்தங்குழி, செட்டிகுளம் பக்கம் இருக்க நிறைய பேர் கேக்காங்க, அதான் எழுதுதேன்.

முதல்ல, அரசாங்கம் என்ன அளக்குதுன்னு தெரிஞ்சுக்கிடணும். கூடங்குளத்துல இப்ப ஓடுறது 1000 மெகாவாட் உலை ரெண்டு, முதல் உலையில இருந்து கரண்டு வந்தது 2013 அக்டோபர்ல, ரெண்டாவது 2016ல. உலை ஓட ஆரம்பிக்கதுக்கு பல வருஷம் முன்னாடியே சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒண்ணை ஆரம்பிச்சுட்டாங்க, உலை வர்றதுக்கு முன்னாடி இந்த மண்ணுல எவ்வளவு இருந்துச்சுங்கற கணக்கு இல்லாம பின்னால எதையும் ஒப்பிட முடியாதுல்லா. பாபா அணு ஆராய்ச்சி மையத்து ஆளுங்கதான் அங்க அளக்காங்க, உலையைச் சுத்தி 30 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் காத்து, கடல்தண்ணி, கெணத்துத்தண்ணி, மீன், பால், காய்கறி, மண்ணுன்னு மாதிரி எடுக்காங்க. அதுக்கு மேல கண்காணிக்கது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ரெண்டுமே மத்திய அரசு. அமெரிக்காவுல இல்லினாய் மாதிரி சில மாகாணங்கள் உலையைச் சுத்தி சொந்தமா காமா கதிரை அளக்குற மானிட்டர் வச்சு தனியா பாக்குது. ஒரே விஷயத்தை ரெண்டு கண்ணு பாக்கும்போது ஜனங்களுக்கு வர்ற தைரியமே வேற, நம்ம மாநில அரசும் இதைச் செய்யணுங்கறது என் ஆசை. அதுவரைக்கும் வீட்டு நோட்டு ரெண்டாவது கண்ணா இருக்கட்டும்.

நம்பரை எப்படி புரிஞ்சுக்கிடுறது. மீட்டர்ல மைக்ரோ சீவர்ட், அதாவது உடம்புல படுற ரேடியேஷனோட அளவு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு வரும். உதாரணத்துக்கு 0.10னு வச்சுக்கிடுங்க, வருஷத்துக்கு 8760 மணி நேரம், பெருக்குனா 876 மைக்ரோ சீவர்ட், அதாவது 0.88 மில்லி சீவர்ட். இங்கதான் நிறைய பேர் பதறுதாங்க, "பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லி சீவர்ட்தான் லிமிட்டு, எங்க வீட்டுலயே 0.88 வந்துட்டே"ன்னு. அந்த 1ங்கறது இயற்கையா வர்றதுக்கு மேல, உலையால கூடுதலா வர்றதுக்கான வரம்பு. மண்ணு, வானம், மூச்சுக்காத்து, சாப்பாடுன்னு இயற்கையா ஒரு மனுசனுக்கு கெடைக்கறது உலக சராசரியில வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். அதனால மீட்டர்ல தெரியுற மொத்த நம்பரை 1 கூட ஒப்பிடாதீங்க, உங்க வீட்டோட பழைய நம்பர் கூட ஒப்பிடுங்க.

மீட்டர் வாங்குறவங்க கைகர் டியூப், அதாவது கதிர் படும்போதெல்லாம் ஒரு தட்டுன்னு எண்ணுற குழாய், உள்ளது வாங்குனா போதும். போன் கேமராவுல அளக்குற ஆப்பை நம்பி எழவு கூட்டாதீங்க, இந்த அளவு சின்ன நம்பரெல்லாம் அதுக்கு தெரியாது. மீட்டர் வேலை செய்யுதான்னு பாக்க பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் ஒண்ணு கவர் பிரிக்காம பக்கத்துல வைங்க, பழசுல தோரியம்னு இயற்கையாவே கதிர் வீசுற ஒரு உலோகம் இருக்கும், டிக் டிக்னு கூடும்.

அடுத்தது பொறுமை. சாதாரணமா ஒரு டியூப்ல நிமிஷத்துக்கு 20 தட்டு விழுதுன்னா, அடுத்த நிமிஷம் 15 வரும், அதுக்கு அடுத்தது 26 வரும், ஒண்ணும் மாறலைனாலும் அப்படித்தான் ஆடும். எண்ணுனதோட வர்க்கமூலம் அளவுக்கு ஏறி எறங்கும்னு கணக்கு. பத்து நிமிஷம் எண்ணுனா 200, கூடக்கொறைய 14 ஆடும். ஒரு மணி நேரம் வச்சா 1200, ஆட்டம் 35தான். அதனால ஒரு நிமிஷம் பாத்துட்டு போட்டோ எடுத்து குரூப்புல போடாதீங்க, கொறஞ்சது பத்து நிமிஷம் எண்ணி சராசரியை எழுதுங்க.

இடம் மாறவே கூடாது. தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துல, சுவரை விட்டு தள்ளி, முத்தத்துல ஒரு ஸ்டூல் போட்டு எப்பவும் அங்கனதான் வைக்கணும். கிரானைட் போட்ட திண்ணையில வச்சா கூடுதலா காட்டும், கல்லுலயே கொஞ்சம் இருக்கு. மீட்டரை மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டுருங்க, உப்புக்காத்து பட்டா சீக்கிரம் போயிரும். நோட்டுல தேதி, நேரம், நம்பர், மழை, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுங்கறது, இவ்வளவு இருந்தா போதும். காத்துக்கு தனியா கருவி எதுக்கு, நம்ம பக்கம்தான் திரும்புன பக்கமெல்லாம் காத்தாலை நிக்குல்லா, அதோட மூஞ்சி எந்தப் பக்கம் பாத்து இருக்கோ அங்க இருந்துதான் காத்து வருது.

கடக்கரை மணலைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், அதிகமா வதந்தி கெளம்புறது இதுலதான். கறுப்பு மணல்ல இல்மனைட், கார்னெட்டுங்கற தாதுக்களோட மோனசைட்டுங்கற தாதுவும் கலந்து கெடக்கும், மோனசைட்டுல தோரியம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில மத்திய அரசு கம்பெனி எத்தனையோ வருஷமா அதைத்தான் பிரிச்சு எடுக்குது. நான் மொத தடவை மீட்டரை கறுப்பு மணல் திட்டு மேல வச்சப்ப வீட்டு முத்தத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல காட்டிச்சு, எனக்கே வயித்தைக் கலக்கிட்டு. நாலடி தள்ளி வெள்ளை மணல்ல வச்சா பழையபடி எறங்கிட்டு. உலையில இருந்து வந்ததா இருந்தா இப்படி திட்டு திட்டா கறுப்பு மணலை மட்டும் பாத்து ஒட்டிக்கிடாது. அலை மணலை அரிக்கும், கொண்டு வந்து ஒதுக்கும், போன மாசம் இருந்த திட்டு இந்த மாசம் இருக்காது, நம்பரும் மாறும். அதனால கடக்கரையில எடுத்ததை தனிப்பக்கத்துல எழுதுங்க, வீட்டுக் கணக்கோட கலக்காதீங்க. இன்னொண்ணு, உலை காம்பவுண்டு பக்கம் மீட்டரைத் தூக்கிட்டு போகவே போகாதீங்க, அது தடை செஞ்ச பகுதி, தேவையில்லாம கேசுல மாட்டுவீங்க.

இந்த மீட்டரால எல்லாம் தெரியாதுங்கறதையும் சொல்லிருதேன். உலையில இருந்து கடலுக்குப் போற தண்ணியில முக்கியமானது டிரிட்டியம்ங்கற கதிர் வீசுற ஹைட்ரஜன், அதுல இருந்து வர்ற பீட்டா கதிர் ரொம்ப பலவீனம், டியூப்போட சுவரைக்கூட தாண்டாது, லேப்லதான் பாக்கணும். அதே மாதிரி அயோடின் 131ங்கற கதிர் வீசுற அயோடின், அது காத்துல வந்து புல்லுல படிஞ்சு, மாடு மேஞ்சு, பால் வழியா பிள்ளையளோட கழுத்துல இருக்க தைராய்டுக்குப் போற பாதை, அதுக்காகத்தான் ஆய்வுக்கூடத்துக்காரங்க பாலை எடுக்காங்க. மீனுக்கு மேல மீட்டரை வச்சு சாப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணாதீங்க.

அதுக்கு அவங்க கணக்கைத்தான் கேட்டு வாங்கணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி தமிழ்லயே மனு எழுதலாம், 30 நாள்ல பதில் தரணும், வரலைனா மேல்முறையீடு பண்ணலாம். "ரேடியேஷன் எவ்வளவு"ன்னு பொதுவா கேட்டா "வரம்புக்குள்ள இருக்கு"ன்னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. எங்க ஊர் பேரைப் போட்டு, அங்க எடுத்த தண்ணி, பால், மீன்ல மாசாமாசம் என்ன வந்துச்சு, உலை ஓடுறதுக்கு முன்னாடி அதே எடத்துல என்ன இருந்துச்சு, கருவியால கண்டுபிடிக்க முடிஞ்ச கொறஞ்ச அளவு என்னன்னு தனித்தனியா கேளுங்க. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா "கண்டறியும் அளவுக்குக் கீழே"ன்னு எழுதியிருந்தா பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, அந்தக் கருவிக்கு தெரியுற அளவுக்கு இல்லன்னு அர்த்தம். பதில் வந்ததும் கிராமசபையில வாசிச்சு பஞ்சாயத்து போர்டுல ஒட்டச் சொல்லுங்க.

மழையே இல்லாம, வீட்டு முத்தத்துல, வழக்கமான நம்பரை விட ரெண்டு மூணு மடங்கு ஏறி ஒரு மணி நேரமா எறங்கவே இல்லைன்னா, முதல்ல பேட்டரியை மாத்துங்க, வேற எடத்துல வச்சு பாருங்க, பக்கத்து ஊர்ல மீட்டர் வச்சிருக்கவங்ககிட்ட கேளுங்க. அங்கயும் அப்படித்தான்னா 1077க்கு, மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு, போன் போட்டு ஊரு, நேரம், நம்பர் மூணையும் சொல்லுங்க. பதில் வர்ற வரைக்கும் பிள்ளையள வீட்டுக்குள்ள வச்சு சன்னலை அடைங்க, கெணத்தையும் தொட்டியையும் மூடுங்க, மாட்டை தொழுவுல கட்டி உள்ள இருக்க வைக்கலைப் போடுங்க. அயோடின் மாத்திரையை மட்டும் அதிகாரிங்க சொன்னாத்தான் போடணும், அது தைராய்டுக்குள்ள கதிர் வீசுற அயோடின் போகாம தடுக்கும், வேற எதையும் தடுக்காது.