வீட்டுக்குள் சைக்கிள்: மிதிக்க முதல் சீற்றையும் ஃபேனையும் சரிபாருங்கள்

மாரியில் மட்டக்களப்பு ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும். கச்சான் காலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டு காலத்துக்கும் தோதானது வீட்டுச் சைக்கிள். ஆனால் வாங்கி இரண்டு மாதத்தில் அது துவாய் காயப்போடும் கொடியாகிவிடுவதுதான் வழமை. காலில் பலம் இல்லாததால் அல்ல. சீற்றின் உயரம் பிழை, காற்று போதாது. பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். காந்தத்தால் இறுக்கம் கொடுக்கும் சாதாரண உடற்பயிற்சிச் சைக்கிள் சத்தமில்லாதது, தொடங்குபவருக்கு அது போதும். ஸ்பின் பைக்கில் கனமான பாரச்சில்லு இருக்கும். அதில் பல மாதிரிகளில் நீங்கள் மிதிப்பதை விட்டாலும் பெடல் சுற்றிக்கொண்டே வரும். ஓடும்போது காலை எடுத்தால் கெண்டைக்காலில் அடிதான். நிறுத்த, இறுக்கக் குமிழைக் கீழே அமத்த வேண்டும். முதல் நாளே நாலைந்து முறை இதைப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் கிடக்கும் சைக்கிளையே ட்ரெயினரில் (பின்சில்லைத் தாங்கிப்பிடித்து, நின்ற இடத்திலேயே மிதிக்க விடும் தாங்கி) ஏற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: கரியர், ஸ்டாண்ட், பெரிய நட்டு போட்ட பழைய 28 அங்குலச் சைக்கிள் பல ட்ரெயினர்களில் பொருந்தாது. பின்சில்லின் அச்சை அளந்துவிட்டுப் போங்கள்.

பொருத்தும்போது கூடுதலாகப் பழுதாவது இடது பெடல்தான். வலது பெடல் மணிக்கூட்டு முள் போகும் பக்கம் இறுகும். இடது பெடல் அதற்கு எதிர்ப்பக்கம். இது தெரியாமல் ஸ்பானரால் நெருக்கினால் மரை அறுந்துவிடும், பிறகு பெடல் பூட்டும் தண்டான கிராங்கையே மாற்ற வேண்டும். முதல் மூன்று நாலு சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கைக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். ஒரு கிழமை மிதித்த பிறகு இரண்டையும் இன்னொருமுறை இறுக்குங்கள்.

இனி சீற். பக்கத்தில் நின்றால் அது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு அளவுக்கு வரட்டும். ஏறி இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கால் நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்து நிற்கும். அதுதான் சரியான உயரம். சீற் தண்டில் பொறித்த எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. அடுத்து இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, முன்னுக்கு நிற்கும் காலின் முழங்கால் சிரட்டைக்குக் கீழிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நட்டு பெடல் அச்சுக்கு நேரே விழவேண்டும். முன்னுக்குப் போனால் சீற்றைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஹாண்டில் சீற் மட்டத்தில், அல்லது ஒரு அங்குலம் மேலே.

வலியே பிழையைச் சொல்லும். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் உயரம் குறைவு, அல்லது இறுக்கம் கூட. பின்பக்கம் நொந்தாலோ, இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ சீற் உயரம் கூட. கை விறைத்தால் ஹாண்டிலை உயர்த்துங்கள், சீற்றின் மூக்கு கீழே சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறைக்கு அரை சென்ரிமீற்றர் மாற்றினால் போதும். முதல் இரண்டு கிழமை பிட்டம் நோவது இயல்பு. பஞ்சு வைத்த காற்சட்டை உதவும், அதற்குள் இன்னொரு உள்ளாடை வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும். துப்பட்டா, அபாயா, சாரம் என்று தொங்கும் எதுவும் கிராங்கில் சிக்கும்.

வெளியே ஓடும்போது காற்று தானாக வரும்; அறைக்குள் வராது. வாவிக்கரை ஈரப்பதத்தில் வியர்வை காயாமல் உடம்பு சூடேறும், களைப்பு பத்து நிமிடத்தில் வந்துவிடும். யன்னலைத் திறந்து, மேசை ஃபேனை நெஞ்சுக்கு நேரே வையுங்கள். விடிய ஐந்தரை மணி நல்லது. கரண்ட் போனால் அன்றைக்கு இறுக்கத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள்.

முதல் இரண்டு கிழமை: கிழமைக்கு மூன்று நாள், 20 நிமிடம். ஐந்து நிமிடம் இலேசாக, பத்து நிமிடம் ஒரு முழு வசனம் பேசக்கூடிய மூச்சில், ஐந்து நிமிடம் திரும்ப இலேசாக. வலது முழங்கால் 15 செக்கனில் 20 தடவை மேலே வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் சரி. சுற்று 60க்கு இறங்கினால் இறுக்கம் கூட. மூன்றாம் கிழமையிலிருந்து கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் கிழமையில் நடுவில் ஒரு நிமிடம் கடினம், இரண்டு நிமிடம் இலேசு என்று நாலு முறை.

அரை மணிக்கு 500 மில்லிலீற்றர் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதும்; உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் குறுகிய ஓட்டத்துக்குத் தேவையில்லை, பிறசர்காரருக்கு ஆகவும் ஆகாது. நோன்பு காலத்தில் நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் விட்டு ஏறுங்கள். இருதய வருத்தம் உள்ளவர்களும், சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்களும் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

முடித்ததும் ஹாண்டிலையும் சீற் தண்டையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொருமுறை துடையுங்கள். வியர்வை உப்போடு கடற்காற்று உப்பும் சேர்ந்தால் போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை சீற் தண்டைக் கழற்றி மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் குழாய்க்குள் இறுகிப்போகும்.