காட்டுக்குப் போகும்முன் பவர் பேங்க் பார்த்து வாங்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பன்றி வேட்டை புதிதில்லை. செம்பனைக் கன்று நட்ட இடத்தையெல்லாம் பன்றி கிளறிப் போட்டுவிடும், அதனால் துப்பாக்கி லைசென்சும் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமமும் வைத்திருக்கும் என் சித்தப்பா மாதிரி ஆட்களைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். தோட்டத்து ஓரத்தில் ஒரு ராத்திரி என்றால் போனைப் பற்றிக் கவலையே இல்லை. லாசா என்ற ஊரைத் தாண்டி மேலே காட்டுக்குள் ஏறி மூன்று ராத்திரி தங்குவது வேறு கதை.

போன வருஷம் அப்படித்தான் போனோம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு வாங்கிய, 50,000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) என்று பெரிதாக எழுதிய பவர் பேங்க் இரண்டாம் நாள் சாயங்காலமே காலி. மூன்றாம் நாள் சித்தப்பா ஆற்றுப் பாறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். லைன் கிடைக்கும் மேட்டுக்கு நான் ஏறிப் போனபோது போனில் 3 விழுக்காடு சார்ஜ், "சித்தப்பாவுக்குக் கால்…" என்று ஆரம்பித்ததோடு அணைந்துவிட்டது. சித்தி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முதல் தடவை காட்டுக்குப் போகிற தம்பிகள் யாருக்கும் இது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: தேவையைக் கணக்குப் போடுங்கள்

எம்ஏஎச்சை விடுங்கள், உள்ளே எவ்வளவு மின்சக்தி இருக்கிறது என்று சொல்லும் வாட் ஹவரைப் பாருங்கள். பவர் பேங்க்குக்குள் இருக்கும் பேட்டரி பொதுவாக 3.7 வோல்ட், அதை எம்ஏஎச்சோடு பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் ஹவர் வரும்: 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட் ஹவர், 20,000 என்றால் 74. அது அத்தனையும் போனுக்குப் போய்ச் சேராது. வோல்ட்டை மாற்றும்போதும் கேபிளிலும் போன் சூடாவதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நான் 70 விழுக்காடுதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வேன்.

இப்போது செலவு. 5,000 எம்ஏஎச் போன் நிரம்ப ஏறக்குறைய 19 வாட் ஹவர் வேண்டும். காட்டில் ஒரு நாளைக்குப் பாதி தீரும் என்றால் நான்கு நாளைக்கு 38 வரும், வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுபோகும் 19-ஐக் கழித்தால் 19. தலையில் மாட்டும் டார்ச் லைட்டுக்கு ராத்திரிக்கு 6 என்று மூன்று ராத்திரிக்கு 18. ஆக 37. பத்தாயிரத்தில் கைக்கு வருவது 26 மட்டும், போதாது. இருபதாயிரத்தில் 52 வரும், கூட வருபவர் போனுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம். ஒரே ராத்திரி தங்குபவருக்குப் பத்தாயிரமே தாராளம், சும்மா பெரியதாக வாங்கித் தோளில் சுமக்க வேண்டாம்.

படி 2: கையில் தூக்கிப் பாருங்கள்

என்னை ஏமாற்றிய அந்தப் பவர் பேங்க்கை ஒருமுறை கையில் நிறுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 5,000 எம்ஏஎச் கொள்ளும் உருளை பேட்டரி ஒன்றே சுமார் 70 கிராம். 50,000-க்கு அதில் பத்து வேண்டும், கூடு இல்லாமலே 700 கிராம் ஆகிவிடும். நான் வாங்கியது சட்டைப் பையில் கனமே தெரியாமல் கிடந்தது! நல்ல இருபதாயிரம் பொதுவாக 350 முதல் 450 கிராம் இருக்கும். அப்புறம் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படியுங்கள். வாட் ஹவரும், 5 வோல்ட்டில் உண்மையாக எவ்வளவு கொடுக்கும் என்பதும் போடாத பொருளை அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 3: மழையை நினைத்து வாங்குங்கள்

நம் காட்டில் மழைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. ஐபி 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். விலை கட்டுப்படியாகவில்லையா, சாதாரணமானதையே வாங்கி இரண்டு ஜிப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். துவாரம் ஈரமாக இருந்தால் கேபிளைச் சொருகாதீர்கள், முழுக்கக் காயட்டும்.

சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க்குக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்தச் சின்னத் தகடு நல்ல வெயிலிலேயே ஒரு வாட், ஒன்றரை வாட்தான் தரும், 74 வாட் ஹவரை நிரப்ப 50 முதல் 75 மணி நேர வெயில் வேண்டும். பெரிய மரங்களுக்கு அடியில் வெயிலுக்கு எங்கே போவது?

படி 4: வாங்கியதும் வீட்டில் சோதியுங்கள்

முழுதாக நிரப்பி, உங்கள் போனை 20-லிருந்து 80 விழுக்காடு வரை எத்தனை தடவை ஏற்றுகிறது என்று எண்ணுங்கள். 20,000-க்கு நான்கு தடவையாவது வரவேண்டும். டார்ச் லைட்டையும் சொருகிப் பாருங்கள், ஏனென்றால் சில பவர் பேங்க் மிகக் குறைந்த மின்சாரம் இழுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். இதைக் காட்டில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை. கேபிள் இரண்டு, குட்டையானது.

படி 5: காட்டில் சிக்கனம்

லைன் இல்லாத இடத்தில் போன் லைனைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி 20 விழுக்காட்டைத் தொடாதீர்கள், அது அவசர எண் 999-க்கும் வீட்டுக்கும்.

திரும்பி வந்ததும் துடைத்து, பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் விடவே வேண்டாம். கூடு வீங்கியிருந்தால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் வீசாதீர்கள், பழைய பேட்டரி வாங்கிச் சேர்க்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.