தசைத் துணுக்கு உயிரோடு லேப் வந்து சேர்ந்தது எப்படி: என் அனுபவம்

புதுச்சேரியில் தசைச் சிதைவு நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். தசை நாரின் ஓரத்தில் ஒட்டியிருந்து, அடிபட்ட தசையைப் புதுப்பிக்கும் சாட்டிலைட் செல்கள்தான், அதுவும் உயிரோடு, எனக்கு வேண்டும். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி விவரித்தவை. இடுப்பு எலும்பு ஆபரேஷனில் எப்படியும் குப்பைக்குப் போகிற துணுக்கே போதும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் டப்பாவைத் திறந்ததும், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. துணுக்கு வெளிறி, ரப்பர் மாதிரி விறைத்துக் கிடந்தது. பயாப்சிக்கு அனுப்புகிற பழக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஃபார்மலின் பட்டால் செல் செத்துவிடும் என்று நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த முறை மீடியம் (செல்லை உயிரோடு வைக்கும் ஊட்டத் திரவம்) ஊற்றிய டியூப்களை நானே கொண்டுபோய் ஆபரேஷன் தியேட்டர் ஃப்ரிட்ஜில் வைத்தேன். "ஃபார்மலின் வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். கேஸ் ஆரம்பித்ததும் சிஸ்டர் போன் செய்வார். ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்பேன். டியூபைத் துணியில் சுற்றித்தான் வைப்பேன், ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்தால் அதுவும் போச்சு.

இன்னொன்று, சம்மதம். ஆபரேஷன் அன்று காலை அவசரமாகக் கையெழுத்து கேட்பதை நிறுத்தினேன். முந்தின நாள் மாலையே வார்டில் உட்கார்ந்து தமிழில் பேசுகிறேன். கடலூரிலிருந்து வந்த ஓர் அம்மா, "இதுக்குக் காசு தருவீங்களா தம்பி?" என்றார். "இல்லம்மா. குடுக்கலன்னாலும் உங்க வைத்தியம் மாறாது. அப்புறம் வேணாம்னு தோணினாலும் சொல்லலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரோ ஒரு புள்ள நடக்கட்டும்" என்று கையெழுத்திட்டார்.

அப்படி வந்த துணுக்கிலிருந்து எடுத்த செல்களை லேபில் தட்டில் வளர்த்தேன். ஒரு வாரத்தில், தட்டின் அடியில் கதிர்க்கோல் வடிவில், நடுவில் பருத்து இரு முனையும் கூராக, செல்கள் உயிரோடு ஒட்டியிருந்தன.