தாயகம் திரும்பியோரிடம் வாய்மொழி வரலாறு சேகரிப்பது எப்படி?

எல்லையையும் நினைவையும் ஆராய்வதற்காகக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போகும் மானிடவியல் மாணவர்கள் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, எதிரே இருப்பவர் எந்த வழியில் வந்தவர் என்பது. இந்தியாவும் இலங்கையும் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை பெற்று இலங்கையிலிருந்து வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்து முகாம்களில் பதிந்தவர்கள் அகதிகள். அவர்களிலும் மலையக (இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்) வம்சாவளியினர் உண்டு. இரு தரப்பையும் ஒரே பட்டியலில் போட்டால் ஆய்வே கோணிவிடும்.

முதல் சந்திப்பில் ரெக்கார்டரை எடுக்காதீர்கள். குடும்ப வரைபடம் போடுங்கள்: பாட்டனார் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு), கூடப்பிறந்தவர்களில் யார் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தார்கள். ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கு ஒரு வீட்டை எப்படிக் கூறுபோட்டது என்பது இந்த வரைபடத்தில்தான் தெரியும். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று வரும்போது பேச்சு நிற்கும். நிற்கட்டும்.

"ஏன் வந்தீங்க?" என்றால் அதிகாரியிடம் சொன்ன பதிலே திரும்ப வரும். "கோச்சியில கூட யாரு இருந்தா?", "மண்டபத்துல எத்தனை நாள் வச்சிருந்தாங்க?", "எந்தச் சாமானை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். கோச்சி என்றால் ரயில்; மண்டபம், ராமேஸ்வரத்துக்கு அருகே வந்தவர்களைத் தங்கவைத்த முகாம். கப்பலேறும் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அடுத்து வரும் பதில் பாதி உங்களுடையது.

வந்த ஆண்டைக் கேட்டால் சிலர் ஒப்பந்த ஆண்டையே சொல்லக்கூடும். ஆனால் அதைச் செயல்படுத்தும் சட்டம் இலங்கையில் 1967இல்தான் வந்தது. ஆகவே 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1977 கலவரம், 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது ஆகியவற்றுக்கு முன்னா பின்னா என்று நெருங்கிக் கேளுங்கள். பிறகு பாஸ்போர்ட், குடும்ப அட்டைத் தேதிகளைப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் எதையும் திருத்தாமல், சொன்னது ஒரு பத்தியிலும் தாளில் உள்ளது அடுத்த பத்தியிலுமாக எழுதுங்கள். ஆய்வேட்டின் நல்ல அத்தியாயங்கள் அந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்பும்.

கொழுந்து பறிப்பவர்களுக்கு ஞாயிறுதான் தோது. தோட்ட அதிகாரியைக் கூட்டிப் போனால் பேச்சு மனுவாகிவிடும். சட்டையில் குத்தும் மைக், டபிள்யூஏவி (சுருக்காத ஒலி) கோப்பு, ஒரு அமர்வு 90 நிமிடத்துக்குள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஆகும். லயம் (தோட்ட வரிசை வீடு), பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) போன்ற சொற்களை மேடைத் தமிழாக்காதீர்கள்.

சம்மதத்தைத் தமிழிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைய மாட்டார்: டிவிஷன், வேலை, வந்த ஆண்டு மூன்றும் சேர்ந்தால் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். மூன்றில் ஒன்றையாவது மங்கலாக்குங்கள். ஆவணத்தைப் படமெடுத்தால் எண்ணை மறைத்த பிரதியை மட்டும் ஆய்வேட்டில் சேருங்கள்.