பைதன் புதிய பதிப்பு: அவசரப்பட்டு ஏற்றுமுன்

திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடைக்கு நான் எழுதிக்கொடுத்த கையிருப்பு நிரல் பைதன் என்ற நிரல் மொழியின் 3.11ஆம் பதிப்பில் சிணுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் சனம் நிற்கும் நேரத்தில் 3.13ஐ ஏற்றினேன். நிரல் எழும்பவே இல்லை. முதலாளி ஒரு சொல் பேசாமல் கொப்பியையும் பேனையையும் எடுத்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இணையப் படிவங்களை வாசிக்க நான் நம்பியிருந்த சிஜிஐ தொகுதி (பைதனோடு சேர்ந்தே வந்த ஆயத்த நிரல்) 3.13இல் இல்லை. 2024 ஒக்டோபரில் வந்த அந்தப் பதிப்பு, பழைய 19 தொகுதிகளை ஒரேயடியாகக் கழித்துவிட்டது. 3.11இலேயே இதற்கு எச்சரிக்கை இருந்தது. ஆனால் இத்தகைய எச்சரிக்கை முதன்மைக் கோப்பில் எழுந்தால்தான் திரையில் தெரியும். துணைக் கோப்பில் எழுந்தால் பைதன் மறைத்துவிடும். என் வரி துணைக் கோப்பில் கிடந்தது. மாறுவதற்கு முன், எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும்படி சொல்லி, பழைய பதிப்பிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதியதைப் பழையதன் பக்கத்தில் நிறுவுங்கள். மெய்நிகர் சூழலை (நிரலுக்கான பொதிகளைத் தனியாக வைத்திருக்கும் கோப்புறையை) மட்டும் புதிதாக உருவாக்க வேண்டும், பழையது ஒத்துவராது.

அடுத்தது, "ஜிஐஎல் பூட்டுப் போய்விட்டது, இனி வேகம்தான்" என்ற பேச்சு. ஜிஐஎல் என்பது, ஒரே நேரத்தில் நிரலின் ஓர் இழையை (வேலை ஓட்டத்தை) மட்டும் ஓடவிடும் பூட்டு. வழக்கமாக நிறுவும் 3.13இல் பூட்டு அப்படியே இருக்கிறது. பூட்டில்லாதது தனிக் கட்டமைப்பு. அதில் ஒற்றை இழை நிரல் மெதுவாகத்தான் ஓடும். அதற்கு ஆயத்தமாகாத சி நீட்சி (சி மொழியில் எழுதிய தொகுதி) ஒன்றை நிரலுக்குள் இறக்குமதி செய்தால், பூட்டு தானாகத் திரும்பிவிடும்.

ஒரு மதிப்பைப் பல 'கேஸ்' கிளைகளோடு பொருத்திப் பார்க்கும், 3.10இல் வந்த 'மேட்ச்' கூற்றில் இன்றும் பலர் வழுக்குகிறார்கள். பஸ் நேர அட்டவணை எழுதிய மாணவர் ஒருவர் 'கேஸ் கொழும்பு' என்று கடைசிக் கிளையில் வைத்தார். (மாறிகளுக்குத் தமிழில் பெயரிடப் பைதன் அனுமதிக்கிறது, பலருக்கு இது தெரியாது.) கொழும்பு என்ற மாறியின் மதிப்போடு ஒப்பிடும் என்பது அவர் எண்ணம். பைதனோ வந்த மதிப்பைத் தூக்கி அந்த மாறிக்குள் போட்டுவிட்டது. வவுனியா பஸ்ஸும் கொழும்புக்கே போனது! அந்தக் கிளை நடுவில் இருந்திருந்தால் பைதனே தொடரியல் பிழை என்று மறித்திருக்கும். மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது 'நகரம்.கொழும்பு' போல நடுவில் புள்ளி வைத்த பெயராகக் கொடுங்கள்.

கடையில் மறுபடியும் 3.11தான் ஓடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஒக்டோபர் வரை வரும். அதற்குள் சிஜிஐ வரிகளை மாற்றிவிடுவதாக முதலாளிக்குச் சொல்லியிருக்கிறேன். கொப்பி இன்னும் மேசையில்தான் இருக்கிறது.