சொந்தக்காரர்களைப் பார்க்கக் கிளம்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஊரை விட்டு 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கடல் வரை ஒரே சாலைதான். அந்தத் தைரியத்தில் போன மே மாதம் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஆறு நாளில் பதினொரு வீடு என்று திட்டம் போட்டேன். முதல் தவறு அதுதான். கிலோமீட்டரைக் கணக்குப் போட்ட நான், இலையைக் கணக்குப் போடவில்லை.

நாமக்கல்லில் சித்தப்பா வீடு. பத்து நிமிசம் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று நுழைந்தோம். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சித்தி அரிசி களைந்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டு சாப்பிடாம போனா என்ன அர்த்தம்?" என்று கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? அங்கே மூன்று மணி நேரம். கரூரில் அத்தை வீட்டில் மறுபடி இலை. திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை. அவர்கள் மட்டன் குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள், எங்கள் வயிற்றிலோ இடமில்லை. அந்தக் குழம்பைத் தொடாமல் படுத்த கதை இன்னும் சொந்தத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு, ராத்தங்கலுக்கு ஒரு வீடு, மற்றதெல்லாம் காபியோடு சரி. இதை முந்தின நாளே போனில் சொல்லிவிட வேண்டும், அதுவும் அடுப்படியில் நிற்பவரிடம். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ சொன்னால் "அதெல்லாம் பார்த்துக்கலாம், வாங்க" என்று வைத்துவிடுவார்கள். கிளம்பும் முன் காலண்டரில் அமாவாசை, கிருத்திகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறி எடுத்து வைத்திருக்கும் வீட்டில் போய் "இன்னைக்கு நாங்க சுத்தம்" என்று நிற்கக் கூடாது.

அடுத்தது இன்னும் உறுத்துகிறது. கோவில்பட்டியில் அப்பாவோடு ஆசிரியர் பயிற்சியில் ஒரே அறையில் இருந்தவர். பார்த்து முப்பது வருசத்துக்கு மேல். நான் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். அவர் பீரோவிலிருந்து பழைய குரூப் போட்டோவை எடுத்து வந்தார். இருவரும் ஒவ்வொரு முகமாக விரல் வைத்து, இவன் எங்கே, அவன் இருக்கிறானா என்று பேசிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வரிசையின் பாதியில் நான் வெளியே போய் ஹாரன் அடித்தேன். அப்பா எழுந்து வந்துவிட்டார். திருநெல்வேலி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவர்களை அங்கே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் கழுகுமலைக்குப் போயிருக்கலாம். மலைப் பாறையை மேலிருந்து குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள் என்று அரை நாள் சுகமாக ஓடியிருக்கும். திரும்பி வரும்போது கடலை மிட்டாயும் வாங்கியிருக்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று, பழுத்த மாம்பழத்தை டிக்கியில் ஏற்றுவது. இரண்டு பெட்டி செந்தூரா எடுத்துப் போனேன். மே மாத வெயிலில் மூடிய டிக்கி அடுப்பு மாதிரி. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் மேல் வரிசை பழம், கீழ் வரிசை கூழ். வண்டியில் ஒரு மாதம் புளித்த வாடை. முற்றின காயாக வாங்கி, வைக்கோல் பரப்பி அடுக்கி, என்றைக்குத் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பெங்களூரா தோல் தடித்தது, ஓரளவு தாங்கும். என்னைக் கேட்டால் கொட்டை எடுத்த நம் ஊர்ப் புதுப்புளியே போதும். கெடாது, கசங்காது, கொடுத்தால் ஒவ்வொரு குழம்புக்கும் நம்மை நினைப்பார்கள்.

சாலை விசயத்தில் ஒன்றே ஒன்று. தருமபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். இன்ஜினின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து இறங்குங்கள், லாரிக்கு முன்னால் ஒட்டி ஓட்டாதீர்கள். பெரியவர்களின் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்கு அடியில் வேண்டாம். மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது.

கடைசியாக, கிளம்பும்போது வாய்க்கு வந்தபடி அழைப்பு வைக்காதீர்கள். நாகர்கோவில் பெரியம்மாவிடம் "ஆடிப் பதினெட்டுக்கு வாங்க, ஒகேனக்கல்ல பரிசல் போகலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து காவிரி பெருகி வருகிற மாதம் அது. நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும். பெரியம்மா சொன்னபடி எட்டுப் பேரோடு வந்து இறங்கினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று செந்நிறத் தண்ணீரைப் பார்த்தோம், வறுத்த மீன் சாப்பிட்டோம், திரும்பினோம். "பரிசல் எங்கடா?" என்று போனில் இன்னும் கேட்கிறார்.